இரண்டு சாக்குக் கடற்பஞ்சு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஒரு காலையில் நான் சொன்ன ஒரு வரி இத்தனை வருடம் கழித்தும் என்னை விடவில்லை. ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் அப்போது. வாடைக்காலம். வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளித்துக்கொண்டிருக்க, தென்கடல் குளம் மாதிரி கிடக்கிற நாட்கள். நண்டு வலை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்த வள்ளங்களைச் சுற்றி உட்கார்ந்து, வீட்டுப் பெண்கள் நீலக்கால் நண்டுகளைக் கால் ஒடியாமல் வலையிலிருந்து பிரித்தெடுப்பார்கள். கால் ஒடிந்தால் விலை இறங்கிவிடும், அதனால் அவ்வளவு பொறுமை. நான் ஒரு வாளியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வலையில் சிக்கி வரும் கடற்பஞ்சுகள் எல்லாம் எனக்கு. அவர்களுக்கு அது வலையைக் கிழிக்கிற குப்பை. பிய்த்துப் பின்னால் எறிவார்கள், நான் எழுந்து போய்ப் பொறுக்குவேன்.

"ஏம் பாப்பா, தெனம் இந்தக் கழிவைப் பொறுக்கிட்டுப் போறியே, இதை வச்சு என்னதான் பண்ணுவ?" என்று வள்ளக்காரர் கேட்டார். அறுபதை ஒட்டிய வயது, அதிகம் பேசாதவர். அவர் வள்ளத்தில்தான் எனக்கு நிறையக் கிடைக்கும். இவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் சொன்னேன்: "இதுல கேன்சருக்கு மருந்து இருக்குண்ணே. ஜப்பான்ல இந்த மாதிரி ஒரு பஞ்சுல இருந்துதான் மார்புப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க."

வலையைத் தட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "நெசமாவா?" என்றார். நெசம்தாண்ணே என்றேன். அவ்வளவுதான், அப்புறம் பேச்சு வேறு எங்கேயோ போய்விட்டது.

நான் பொய் சொல்லவில்லை. 2010 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரிபுலின் என்ற மருந்துக்கு மூலம், ஹாலிகோண்ட்ரியா ஒகடாய் என்ற ஜப்பானியக் கடற்பஞ்சில் கண்டெடுத்த ஒரு மூலக்கூறுதான். அதைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். ஆனால் அந்த வரியின் முதல் சொல் தப்பு. 'இதுல' என்றேனே, அது. என் வாளியில் கிடந்தது என்ன என்று எனக்கே தெரியாத காலம் அது. எதில், எவ்வளவு, யார் உண்டாக்கியது, எடுக்க முடியுமா என்று ஒன்றுமே தெரியாமல், கையில் இருந்ததைக் காட்டி 'இதுல' என்று சொல்லிவிட்டேன்.

வாளியில் இருந்தவை

கடற்பஞ்சு விலங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், துளையுடலிகள் என்ற தலைப்பில். படித்தாலும் நம்ப முடியாது. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, இருந்த இடத்தை விட்டு நகர்வதும் இல்லை. நான் நம்பியது ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால்தான். பெரிய எலுமிச்சை அளவில் ஒரு ஆரஞ்சு நிறப் பஞ்சு. அதன் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு உணவுச் சாயத்தைக் குழாயால் மெல்ல விட்டேன். சாயம் பஞ்சின் பக்கவாட்டில் ஒட்டிய மாதிரி நின்று, அப்படியே உள்ளே காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் உச்சியில் இருந்த துளை வழியாக ஒரு பச்சை நூல் நேராக மேலே எழுந்து வந்தது. புகைபோக்கியிலிருந்து வருகிற புகை மாதிரி, ஒரு கணம்கூட நிற்காமல். ஒரு கல் மாதிரி கிடந்த அது, நான் பார்க்காத நேரமெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள கடற்பஞ்சு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டும். அன்றிலிருந்து கடற்பஞ்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சை நூல்தான் ஞாபகம் வருகிறது.

1907இல் வடகரோலினாவில் ஹென்றி வில்சன் என்ற விலங்கியல் பேராசிரியர் ஒரு சிவப்புக் கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். துணியின் கண்கள் வழியாக அது தனித்தனி உயிரணுக்களாகச் சிதறிக் கிண்ணத்து அடியில் விழுந்தது. அந்த அணுக்கள் ஊர்ந்து போய் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, திட்டுத் திட்டாக ஒட்டி, சில நாட்களில் மறுபடியும் கடற்பஞ்சாகிவிட்டன. இந்தக் கதையையும் நான் கரையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு விளைவு இருந்தது, பிறகு வருகிறேன்.

நகர முடியாதது எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டால், வேதியியலால். ஓட முடியாது, கடிக்க முடியாது. மேலே யாராவது குடியேற வந்தாலும் மீன் வந்து கொத்தினாலும் அதனிடம் இருப்பது விஷம்தான். இதில் இன்னொரு சிக்கல், அந்த விஷத்தை உண்டாக்குவது பல நேரம் பஞ்சே இல்லை, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா. சில இனங்களில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாவாகவே இருக்கும். தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற இனத்திலிருந்து பத்து இருபது வருடமாக மருந்து வேதியியலாளர்கள் விதவிதமான பொருட்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மஞ்சளாக இருக்கும் அதன் வகையில், அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எண்டோதியோனெல்லா என்ற ஒரே பாக்டீரியாதான் செய்கிறது என்று 2014இல் மரபணு ஆய்வில் தெரிய வந்தது. அப்படியானால் 'இது' என்பது எது? பஞ்சா, அதில் குடியிருக்கிறவரா?

ஊசிகளைப் பார்த்துப் பெயர் சொல்வது

உலகத்தில் இதுவரை பெயர் வைத்த கடற்பஞ்சு இனங்கள் 9,000க்கும் மேல். பெயர் வைக்காதவை இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து இனம் சொல்ல முடியாது. ஒரே இனம் அலை அடிக்கிற பாறையில் தோசை மாதிரி படர்ந்தும், ஆழத்தில் விரல் விரலாக எழுந்தும் இருக்கும். பக்கத்தில் அதே சிவப்பில் இருக்கிற இன்னொன்று வேறு குடும்பமாகவே இருக்கும். அதனால் உள்ளே இருக்கும் ஊசிகளைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிக்யூல் என்று பெயர், பெரும்பாலானவற்றில் சிலிக்கா, அதாவது கண்ணாடி. பட்டாணி அளவுத் துண்டை ஸ்லைடில் வைத்து ப்ளீச்சிங் திரவம் இரண்டு சொட்டு விட்டால் நுரைத்து, சதையெல்லாம் கரைந்து, கடைசியில் வெள்ளைத் தூள் மட்டும் நிற்கும். அதைக் கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தால், அந்தத் தூள் ஒரு பட்டறையே திறந்த மாதிரி விரிகிறது. இரண்டு முனையும் கூரான ஊசி. ஒரு பக்கம் தலையோடு குண்டூசி. வில், நங்கூரம், நட்சத்திரம், ஆங்கில எழுத்து சி மாதிரி வளைந்த கம்பி. எந்த எந்த வடிவம் இருக்கிறது, எத்தனை மைக்ரான் நீளம், தோலுக்கடியில் எப்படி அடுக்கியிருக்கிறது என்று அளந்து எழுதி, பழைய படங்களோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

பழைய படங்கள் என்றால் உண்மையிலேயே பழையவை. 1880களில் மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மெட்ராஸ் கடலோரத்திலும் மன்னார் வளைகுடாவிலும் சேகரித்த பஞ்சுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆர்தர் டெண்டி என்ற விலங்கியலாளர் அவற்றை ஆராய்ந்து 1887இலும் 1889இலும் அறிக்கை எழுதினார். இலங்கை முத்துச் சலாபங்களை ஆராய்ந்த குழு கொண்டுவந்ததை வைத்து 1905இல் இன்னொரு பெரிய அறிக்கை. அப்புறம் மண்டபத்திலேயே இருந்து மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பி.ஏ. தாமஸ், 1960களிலிருந்து இந்த இரண்டு கடல்களின் பஞ்சுகளையும் எழுதி வைத்தார். முத்துச்சிப்பியையும் சங்கையும் துளைத்துச் சல்லடையாக்கும் பஞ்சுகளைக்கூட அவர் விடவில்லை. எங்கள் கடலைப் பற்றி நாங்கள் சொல்கிற பெயர்களில் பாதிக்கு மேல் இப்படிப் பொறுமையாக ஊசி அளந்தவர்களின் உழைப்பு.

நான் முதலில் செய்த வேலை இது இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பஞ்சை நறுக்கி, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றைச் சின்ன வட்டத் தாளில் ஊற்றி, பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்தேன். மறுநாள் தாளைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான வட்டம், 11 மில்லிமீட்டர். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. 'மருத்துவ ஆற்றல் வாய்ந்தது' என்று எழுதினேன். இனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஹாலிக்ளோனா என்ற பேரினப் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'ஏதோ ஓர் இனம்' என்று பொருள்படும் சுருக்கெழுத்து. ஒரு வருடம் கழித்து வேறு ஊரில் இருந்த ஒரு வேதியியல்காரர் அதே பஞ்சு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார். கொண்டுவந்ததை முழுக்க மெத்தனாலில் போட்டிருந்தேன். ஒரு துண்டு மிச்சமில்லை, ஒரு ஸ்லைடு இல்லை. கடலில் அதைத் தேடிப் போனால் அதே நிறத்தில் நாலு வகை கிடைத்தது. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சமையலறையில் இருக்கிற கிராம்பையோ பூண்டையோ அப்படித் தட்டில் வைத்தாலும் தெளிவான வட்டம் வரும். நான் கண்டுபிடித்தேன் என்று எழுதியது உண்மையில் என்ன என்று இன்றைக்கும் எனக்குப் பதில் இல்லை.

சாக்கு

அந்தப் பேச்சு நடந்து ஐந்தாறு வாரம் கழித்து மறுபடி மண்டபம் போனேன். வள்ளம் கட்டுகிற இடத்துக்குப் போவதற்கு முன்பே நாற்றம். கடற்பஞ்சு அழுகுகிற நாற்றத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பூண்டும் அயோடினும் செத்த இறாலும் கலந்த மாதிரி தொண்டையில் போய் நிற்கும். பூவரச நிழலில் இரண்டு உரச்சாக்கு, வாய் கட்டாமல். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். முழுக்கப் பஞ்சு. வலையில் வந்தது மட்டும் இல்லை. சிலவற்றின் அடியில் கல் அப்படியே ஒட்டியிருந்தது, முங்கிப் பிய்த்தது.

"வந்துட்டியா பாப்பா" என்று எழுந்து வந்தார் அவர். "உனக்காகத்தான் சேர்த்து வச்சேன். நாலு நாளா மவனும் நானும் முங்கி எடுத்தது." இரண்டு கையும் வீங்கிச் சிவந்திருந்தன, விரலிடுக்கெல்லாம் தடிப்பு. சில பஞ்சுகளைத் தொட்டாலே கண்ணாடி ஊசி தோலுக்குள் போய் இப்படி ஆகும். எண்ணெய் தடவியிருந்தார், எண்ணெய்க்கு அது அடங்காது. விற்கத்தான் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு இவ்வளவு வேண்டாமே, எப்படிச் சொல்வது, எவ்வளவு பணம் கொடுப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"அக்காவுக்கு நெஞ்சுல கட்டி. மதுரையில வச்சுப் பாக்குறோம். நீ சொன்னியே அன்னைக்கு. இதை எப்படிக் காய்ச்சணும்? நேரா வேக வச்சாப் போதுமா, காய வச்சு இடிக்கணுமா? அளவு தெரியாமக் குடுக்கக் கூடாதுல்ல, அதான் நீ வர்ற வரைக்கும் பொறுத்திருந்தோம்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அளவு தெரியாமல் கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவ்வளவு நிதானம் இருக்கவில்லை. நான் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்? மண்டபத்துக்குப் போகாமல் அந்த மாதம் ஆய்வகத்திலேயே இருந்திருந்தால்?

ஜப்பானியப் பஞ்சைப் பற்றி நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே ஹாலிகோண்ட்ரியா ஒகடாயிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருட்களில் ஒன்று ஒகடாயிக் அமிலம். 1981இல் அந்தப் பஞ்சின் பெயரையே அதற்கு வைத்தார்கள். உண்மையில் அதை உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர், பஞ்சு அதை வடிகட்டிச் சேர்த்து வைத்திருக்கிறது. சிப்பி தின்றவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்குக் காரணமான நஞ்சு அது. வேக வைத்தாலும் போகாது. புற்றுநோய்க்கான மூலக்கூறு கிடைத்த பஞ்சையே வேக வைத்துக் குடித்திருந்தாலும் மருந்து வேலை செய்யும் முன் இது வேலை செய்திருக்கும். அந்த இரண்டு சாக்கில் என்னென்ன இருந்ததோ.

மணலில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். "குடுக்கக் கூடாதுண்ணே. ஒரு சொட்டுகூட. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். எப்படித் தப்பு என்று விளக்க எனக்கு அரை நாள் ஆனது.

பன்னிரண்டரை மில்லிகிராம்

ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டாவும் உவெமுராவும் 1980களின் நடுவில், எரிபுலினுக்கு மூலமான ஹாலிகோண்ட்ரின் பி என்ற மூலக்கூறைப் பிரித்தெடுக்க எடுத்துக்கொண்ட பஞ்சு 600 கிலோ. கிடைத்தது 12.5 மில்லிகிராம். இந்த எண்ணை நான் கட்டுரைகளில் நிறையத் தடவை படித்திருக்கிறேன், மேற்கோள் காட்டியும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மணலில் குச்சியால் கணக்குப் போட்டபோதுதான் அது எனக்குப் புரிந்தது. எரிபுலின் கொடுக்கிற அளவு, உடம்பின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம். ஒல்லியான ஒரு பெண்ணுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம், இரத்தக் குழாய் வழியாக. மூன்று வாரச் சுற்றில் முதல் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று. எரிபுலினும் ஹாலிகோண்ட்ரின் பி-யும் ஒரே பொருள் இல்லை, ஆனாலும் ஒரு அளவுக்காக ஒப்பிட்டுப் பார்த்தால் 600 கிலோ பஞ்சு ஒரு பெண்ணுக்கு ஒன்பது வாரம். அவருடைய இரண்டு சாக்கும் சேர்த்து அறுபது கிலோ தேறும்.

"அப்ப கடல்ல இருக்கறதை எல்லாம் அள்ளினாலும் பத்தாதுங்கிற" என்றார் அவர். ஆமாம். அதை மற்றவர்களும் முயன்று பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் கைகோரா தீபகற்பத்துக்கு அப்பால் லிசோடெண்டோரிக்ஸ் என்ற இன்னொரு பஞ்சில் இதே மூலக்கூறு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு டன் எடுத்தார்கள், சுமார் 300 மில்லிகிராம் கிடைத்தது. ஆராய்ச்சிக்கு அது பெரிய உதவி. நோயாளிகளுக்கு அப்படி அள்ளிக்கொண்டிருக்க முடியாது. வழி திறந்தது ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் ஆய்வகத்தில். 1992இல் அவர்கள் முழு மூலக்கூறையும் செயற்கையாகக் கட்டி முடித்தார்கள். கட்டும்போது கிடைத்த துண்டுகளைச் சோதித்ததில், மூலக்கூறின் ஒரு பாதியே புற்றணுக்களை நிறுத்தப் போதும் என்று தெரிந்தது. அந்தப் பாதியைத் திருத்தி எய்சாய் நிறுவனம் உருவாக்கியதுதான் எரிபுலின். அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகள். பஞ்சில் அந்த மூலக்கூறைக் கண்டதிலிருந்து மருந்துக்கு அனுமதி கிடைக்க இருபத்தைந்து வருடம். இன்றைக்குத் தயாராகிற எரிபுலின் குப்பியில் கடற்பஞ்சு ஒரு துளிகூட இல்லை.

இன்னும் பழைய கதையும் அப்படித்தான். 1945இல் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃப்ளோரிடாவில் எலியட் கீ பக்கம் மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு பஞ்சைச் சேகரித்தார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பஞ்சு, மேலெல்லாம் வண்டல். அசிட்டோனில் கொதிக்க வைத்தபோது அதிலிருந்து படிகங்கள் இறங்கின. மரபணுவைக் கட்டும் எழுத்துகள் மாதிரியே இருந்தன, சர்க்கரை மட்டும் வேறு. ரைபோஸ் இருக்க வேண்டிய இடத்தில் அராபினோஸ். இப்படி ஒரு சர்க்கரையை மாற்றி வைத்தால் உயிரணு ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு, நகலெடுப்பதை நடுவில் நிறுத்திவிடும் என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்தது. 1959இல் ஆய்வகத்தில் செய்த சைட்டராபின் 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய் வார்டுகளில் இன்றைக்கும் ஏழு நாள் தொடர்ந்து ஏற்றுகிறார்களே, அதுதான். பெர்க்மன் பஞ்சில் கண்டது சைட்டராபினே இல்லை, அதன் உறவுகள். பஞ்சு கொடுத்தது ஒரு யோசனை. 'இதுல மருந்து இருக்கு' என்ற என் வரியை இந்தக் கதையின் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு தப்பு என்று தெரியும்.

இதையெல்லாம் இந்த வரிசையில் அவரிடம் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். திக்கித் திணறித்தான் சொன்னேன். அவர் பாதியில் அக்காவுடைய மருந்துச் சீட்டை எடுத்துவரச் சொல்லி மகனை அனுப்பினார். அதில் பாக்லிடாக்சல் என்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அண்ணே, அக்காவுக்கு இப்ப ஏத்துறாங்களே, இது ஒரு மரத்தோட பட்டையில இருந்து கண்டுபிடிச்ச மருந்து. அதையும் மொதல்ல பட்டையை உரிச்சு உரிச்சுத்தான் எடுத்தாங்க, மரம் தாங்கல. அப்புறம் அதோட சொந்தக்கார மரத்து இலையில இருந்து பாதி எடுத்து, மீதியை ஆய்வகத்துல சேர்த்துச் செய்யக் கத்துக்கிட்டாங்க. பட்டையை வீட்டுல காய்ச்சிக் குடிச்சா ஆளு போயிடும். இதை விட்டுடாதீங்க, ஒரு சுற்றுகூட விடாம ஏத்திட்டு வாங்க" என்றேன். மரத்துக் கதை அவருக்குப் பிடிபட்டது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சாக்கைப் பார்த்து ஒன்று கேட்டார். "நீ சொன்னியே, பிழிஞ்சு விட்டாக்கூட ஒட்டிக்கும்னு. திருப்பிக் கடல்ல போட்டா இதெல்லாம் பொழைச்சுக்குமா?" இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அதன் கால்வாய்களுக்குள் காற்று போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அந்தப் பச்சை நூல் எழாது. நாள் கணக்கில் கரையில் கிடந்தது எதுவும் பிழைக்காது. வில்சன் பிழிந்தது உயிரோடு இருந்த பஞ்சை, தண்ணீருக்குள்ளேயே வைத்து. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் பஞ்சுகள் கைப்பிடி அளவு வளர எத்தனை வருடம் எடுத்திருக்கும் என்று நானும் சொல்லவில்லை.

சாக்கில் இருந்ததை வீணாக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. இரண்டையும் மணலில் கொட்டி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, அவரும் நானும் அவர் மகனும் சாயங்காலம் வரை பிரித்தோம். எனக்குக் கையுறை இருந்தது, இன்னொரு சோடியை அவருக்குக் கொடுத்தேன். சதை அழுகினாலும் ஊசி அழுகாது. ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டைச் சாராயக் குப்பியில் போட்டு, எங்கே பிய்த்தது, எவ்வளவு ஆழம், கல்லிலா மணலிலா என்று அவரிடம் கேட்டு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் சரியாகச் சொன்னார். இது பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) இருந்தது, இது பாருக்குக் கிழக்கே மணலில், இது சிங்கி இறால் வலையில் மட்டும்தான் வரும் என்று. இரண்டு வருடமாக வாளியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஒரு தடவைகூட அவரிடம் இதைக் கேட்டதில்லை. மிச்சத்தை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் மெத்தனால் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு ஊசி பார்க்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அந்த இரண்டு சாக்கில் மொத்தம் பதினேழு வகை. பதினாறுக்குப் பெயர் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. பதினேழாவது கருஞ்சிவப்பு, உள்ளங்கை அளவு. உள்ளே குண்டூசியும் மிகச் சின்ன நட்சத்திரங்களும். டெண்டியின் படங்களில் ஒன்று கிட்ட வருகிறது, ஆனால் நட்சத்திரத்தின் முனைகள் ஒத்துப்போகவில்லை. தாமஸ் எழுதியதில் எதுவும் பொருந்தவில்லை. ஒரே ஒரு அழுகிய துண்டை வைத்துக்கொண்டு புதிது என்று சொல்ல முடியாது. அந்தக் குப்பியின் சீட்டில் பெயர் என்ற இடம் காலி. இடம், ஆழம், தேதி இருக்கிறது. சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

அவருடைய அக்கா சிகிச்சையை முடித்துவிட்டு ஊர் திரும்பினார். போன பொங்கலுக்குப் போனபோது கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் துறையில் இருக்கிறவர்கள் எழுதும் கட்டுரைகளைப் படிக்கிறபோது, முதல் பத்தியிலேயே 'மருத்துவ ஆற்றல்' வந்துவிட்டால் நான் இனத்தின் பெயர் இருக்கிற இடத்தைத் தேடிப் போகிறேன். அங்கே 'ஏதோ ஓர் இனம்' என்று இருந்தால் அதற்கு மேல் என்னால் படிக்க முடிவதில்லை. என் மாணவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரிகிறது. ஒரு துண்டை எடுத்து வைக்காமல், ஸ்லைடு போடாமல், சாறு எடுக்க விடமாட்டேன் என்பதில் நான் மாறுவதாக இல்லை.

இதை எழுதத் தூண்டியது போன வாரம் வந்த ஒரு போன். "பாப்பா, அந்தக் கருஞ்சிவப்பு வந்திருக்கு, வலையில" என்றார். எனக்கு உடனே கேட்கத் தோன்றியது காற்றுப் பட்டதா என்றுதான். கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "வள்ளத்து ஓரத்துலயே தண்ணிக்குள்ள வாளியைச் சாய்ச்சு எடுத்தேன், வெளிய தூக்கவே இல்ல. கல்லோட சேர்த்துக் கட்டி எறக்கி வச்சிருக்கேன், தெனம் பாத்துக்கிறேன். ஒண்ணுதான் எடுத்தேன். பாருல இன்னும் ரெண்டு இருக்கு, அதை நான் தொடல. நீ எப்ப வர்ற?"

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.